பெரிய ஹோட்டலில் பிறந்தநாள்: பதின்வயதுப் பிள்ளைகளின் பார்ட்டியை நடத்துவது எப்படி

பன்னிரண்டு வயது வரை பிறந்தநாள் வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிடும். கேக், பலூன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஒரு தட்டில் சமோசாவும் சிப்ஸும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது. "அம்மா, இந்த வருஷம் வீட்ல வேணாம். ஃபிரெண்ட்ஸ கூட்டிட்டு நல்ல ஹோட்டலுக்குப் போறோம்." நல்ல ஹோட்டல் என்று பிள்ளை சொல்வது பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரியாணிக் கடையை இல்லை. மங்கலான விளக்கு, துணி நாப்கின், மேசையிலேயே கிரில், கோட்டு போட்ட கேப்டன் என்று இன்ஸ்டாகிராமில் பார்த்து வைத்திருக்கும் இடத்தை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கும் பெற்றோர் பலருக்கு இது பழக்கமில்லாத சங்கதி. அவர்கள் காலத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்ததுதான் பிறந்தநாள். அதனால் சிலர் எடுத்த எடுப்பிலேயே "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் பிள்ளை ஆசைப்படுகிறதே என்று கணக்குப் பார்க்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். தன் நண்பர்களைத் தானே அழைத்து, உட்காரவைத்து, வயிறாரச் சாப்பிடவைத்து அனுப்ப வேண்டும் என்பது நல்ல ஆசை. அதை நிறைவேற்றிக் கொடுக்கலாம். வந்த பிள்ளையின் வீட்டுக்குச் செலவும் கவலையும் அவமானமும் வைக்காமல் நிறைவேற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இந்த அத்தியாயம் முழுக்க அதற்கான வழிகள்தான்.

எங்கே வைப்பது

நம் பக்கத்துச் சிக்கல் தூரம். கும்மிடிப்பூண்டியும் சரி, திருவள்ளூரும் சரி, சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தள்ளி இருக்கின்றன. நெடுஞ்சாலையில் தச்சூரிலிருந்து செங்குன்றம் வரை வயிறு நிறையச் சாப்பிட இடங்கள் உண்டு. பிள்ளைகள் மனதில் வைத்திருக்கும் வகை உணவகங்கள் பெரும்பாலும் அண்ணா நகருக்கும் அதற்கு அப்பாலும்தான்.

என் சிபாரிசு அண்ணா நகர். அதைத் தாண்டி நுங்கம்பாக்கம், வேளச்சேரி என்று போனால் பாதி நாள் வண்டியிலேயே கழியும். அண்ணா நகரில் 2018-ல் திறந்த விஆர் மாலுக்கு அருகிலேயே திருமங்கலம் மெட்ரோ நிலையம் இருக்கிறது. திருவள்ளூர்க்காரர்கள் சி.டி.எச். சாலையில் ஆவடி, அம்பத்தூர் வழியாகக் காரில் வந்துவிடலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்க்காரர்களுக்கு ரயிலில் ஒரு நல்ல வழி இருக்கிறது. விம்கோ நகரில் புறநகர் ரயிலை விட்டு இறங்கி, 2021-ல் அங்கே வரை வந்த மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் ஒரு தடவை மாறினால் திருமங்கலம். நல்லூர் சுங்கச்சாவடி இல்லை, செங்குன்றம் நெரிசல் இல்லை. பிள்ளைகளுக்கு அந்த ரயில் பயணமே பாதிப் பார்ட்டி.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இன்னொரு வழியும் உண்டு. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்கள் தங்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. தூரம் சென்னையைவிடக் குறைவு. சொந்தக் காரில் போவதென்றால் தாராளமாகப் போகலாம். வாடகை வேன் என்றால் ஆந்திர பர்மிட் போட்டாயிற்றா என்று முதல் நாளே டிரைவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்த இடமானாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். பார்ட்டி ஞாயிறு மதியம் என்றால் ஒரு ஞாயிறு மதியமே போங்கள். புதன்கிழமை நான்கு மணிக்குப் போனால் எல்லா ஹோட்டலும் அமைதியாகத்தான் இருக்கும். பார் இருக்கிற இடமென்றால் குடும்பங்கள் உட்காரும் பகுதி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கூடத்தில் பார் கவுன்ட்டரும் பிள்ளைகளின் மேசையும் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நடுவே பக்கத்து மேசைச் சத்தமும் சண்டையும் எதற்கு?

நாளும் நேரமும்

இந்தப் பகுதியில் நாள் குறிக்க முதலில் பார்க்க வேண்டியது ஷிஃப்ட் சார்ட். ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு என்று ஏ, பி, சி ஷிஃப்ட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறாக இருப்பதில்லை. சி ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு வந்த அப்பாவை அன்று மதியம் ஆறு பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டவைக்காதீர்கள். பிறந்தநாள் அன்றே பார்ட்டி நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அன்று காலை கோயிலும் பாயசமும் போதும். பார்ட்டி அப்பாவோ அம்மாவோ தூங்கி எழுந்த நாளில் இருக்கட்டும்.

மதியமே வையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பஃபே உணவகங்களில் மதிய விலை இரவு விலையைவிடப் பொதுவாகக் குறைவு. வார நாள் மதியம் இன்னும் குறைவு. பள்ளி விடுமுறை நாள் ஒன்று வார நடுவில் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காசைவிடப் பெரிய காரணம் திரும்பி வருவது. மூன்றரைக்குப் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். பெண் பிள்ளைகளின் வீடுகளில் அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. இரவு விருந்து என்றால் நான்கு பேர் "வீட்ல விடல" என்பார்கள். மதியம் என்றால் அதே நான்கு பேரும் வந்துவிடுவார்கள்.

புரட்டாசியிலும் கார்த்திகை மாலைக் காலத்திலும் வருகிற பிறந்தநாளுக்குச் சைவ ஹோட்டலோ, சைவம் தாராளமாக உள்ள பஃபேயோ பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் வகுப்பில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் நாளைத் தள்ளி வையுங்கள்.

யாரை, எப்படி அழைப்பது

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளி வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். கம்பெனி மேனேஜர் வீட்டுப் பிள்ளை இருப்பாள். கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டுப் பையன் இருப்பான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள். ஹோட்டல் மேசைக்கு வந்ததும் வித்தியாசம் தெரிந்துவிடக் கூடாது.

எங்கே தெரியும் என்றால், மெனு கார்டில். கேப்டன் ஆளுக்கொரு மெனு கார்டைக் கொடுப்பார். பழகிய பிள்ளை இடது பக்கம் பார்த்து என்ன சாப்பிடலாம் என்று தேடும். பழக்கமில்லாத பிள்ளையின் கண் நேராக வலது பக்கம் விலைக்குப் போகும். பாஸ்தா 425, சூப் 260. கார்டை மூடி வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்ல, லைம் சோடா போதும்" என்று சொல்லும். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை அந்தப் பிள்ளை ஸ்ட்ராவைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது நடக்கவே கூடாது. ஒன்று, பஃபே எடுங்கள். இல்லையென்றால் நீங்களும் உங்கள் பிள்ளையும் முன்பே உட்கார்ந்து சூப், ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், ஐஸ்கிரீம் என்று ஒரு செட் மெனு முடிவு செய்து கேப்டனிடம் கொடுத்துவிடுங்கள். "டேபிள்ல மெனு கார்டு வைக்க வேண்டாம்" என்று சொன்னால் செய்வார்கள்.

எண்ணிக்கை ஆறிலிருந்து எட்டு. பத்துக்கு மேல் போனால் மேசை இரண்டாகப் பிரியும்; பேச்சும் இரண்டாகப் பிரியும். முழு வகுப்பையும் அழைக்க முடியாது என்பதால், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அழைப்பைப் போட வேண்டாம். தனித்தனியாக நேரில் சொல்லட்டும். அழைக்காத பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

பிள்ளை அழைத்த பிறகு, ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் போன் செய்யுங்கள். இந்த வேலையைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள். சுருக்கமாகப் பேசினால் போதும்: "அண்ணா வணக்கம், நான் திவ்யாவோட அம்மா பேசறேன். ஞாயித்துக்கிழமை பிறந்தநாளுக்கு அண்ணா நகர்ல மதியச் சாப்பாடு. நானும் அவங்க அப்பாவும் கூடவே இருக்கோம். போக வர வேன் நாங்களே வச்சிருக்கோம், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உங்க வீட்டு வாசல்லயே விட்டுடறோம். நீங்க எதுவும் வாங்க வேணாம், புள்ளைய மட்டும் அனுப்புங்க. சாப்பாட்டுல ஏதாவது ஆகாததுன்னா சொல்லுங்க." யார் கூட இருப்பார்கள், எப்போது திரும்புவார்கள், என்ன செலவாகும், என்ன சாப்பிடக் கூடாது என்று அந்த வீட்டில் கேட்கத் தயங்குகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலேயே வந்துவிட்டது.

"எல்லோரும் கறுப்பு டிரஸ்" என்கிற மாதிரி தீம் வைப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு வீட்டில் புது உடுப்புச் செலவு. பரிசு வேண்டாம் என்று சொன்னாலும் சிலர் கொண்டு வருவார்கள்; வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள், மேசையில் பிரிக்க வேண்டாம். ரிட்டர்ன் கிஃப்ட் நல்ல பேனாவோ சின்னப் புத்தகமோ போதும்.

பணக் கணக்கு

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு பஃபேயில் பொதுவாகப் பெரியவர் கட்டணம்தான். எட்டுப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், தட்டுக்கு ₹900 என்று வைத்துக்கொள்வோம். ₹9,000. தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ₹450. கேக் ₹1,200, வேன் ₹4,000, ரிட்டர்ன் கிஃப்ட் ₹800. மொத்தம் ₹15,450. இதையே நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் வைத்தால் தட்டு விலை ஏறுவது மட்டுமில்லை, வரியும் ஏறும். அறை வாடகை நாளுக்கு ₹7,500-ஐத் தாண்டும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் ஜிஎஸ்டி 18 சதவீதம். தட்டு ₹1,800 என்றால் பத்துப் பேருக்கு ₹18,000, வரி மட்டும் ₹3,240. போனில் விலை கேட்கும்போது "டாக்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா" என்று கேளுங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். வாடிக்கையாளரைக் கேட்காமல் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நன்றாகப் பரிமாறிய பையனுக்கு நூறு, இருநூறு டிப்ஸ் கொடுப்பது உங்கள் மனம். அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் சில செலவுகள் கண்ணுக்குத் தெரியாமல் வரும். வெளியிலிருந்து கேக் கொண்டுவர விடுவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா, பலூன் கட்டினால் தனிக் காசா, எட்டுப் பேர் சொல்லி ஆறு பேர் வந்தால் எத்தனை தட்டுக்குப் பில் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவுடன் கேப்டன் "ரெகுலர் வாட்டரா, மினரலா?" என்று கேட்பார். பிள்ளைகள் பாதிப் பேர் மினரல் என்பார்கள். பத்து பாட்டில் வந்துவிடும். ரெகுலர் போதும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். பஃபேயில் மாக்டெயில் பெரும்பாலும் தனிக் கணக்கு. ஆளுக்கு ஒன்று என்று பிள்ளையிடம் பேசி வையுங்கள். பில் பிள்ளைகள் இருக்கும் மேசைக்கு வரக் கூடாது.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் விரும்பும் மயோனைஸ் பற்றி முதலில். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. சால்மோனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகும் ஆபத்துதான் காரணம். "எக்லெஸ் மயோதானே?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சை முட்டை மயோனைஸ் நம் வெயிலுக்கு ஆகாது.

அடுத்தது புகை கிளம்பும் பானங்களும் இனிப்புகளும். கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஸ்மோக் பிஸ்கட் சாப்பிட்ட சிறுவன் துடித்த வீடியோ பரவியதை அடுத்து, 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை திரவ நைட்ரஜனை உணவோடு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. வீடியோவுக்கு அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. முழுவதும் ஆவியாகாமல் உள்ளே போனால் வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

முட்டை சேராத கேக் வாங்கினால் சைவப் பிள்ளைகளும் ஒரு துண்டு சாப்பிடலாம். ஹலால் வேண்டியவர்கள் இருந்தால் உணவகத்திடம் கேட்டு முன்பே அந்த வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். நிலக்கடலை, இறால் என்று யாருக்காவது ஒத்துக்கொள்ளாதது இருந்தால் பெயர் எழுதிக் கேப்டனிடம் கொடுங்கள். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். பில்லை ஒரு வாரம் பத்திரமாக வையுங்கள். யாருக்காவது வயிறு கெட்டால் புகாருக்கு அது வேண்டும்.

கேக் வெட்டும் பத்து நிமிஷம்

விபத்து நடப்பதெல்லாம் இந்தப் பத்து நிமிஷத்தில்தான். நுரை ஸ்ப்ரேயில் எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. எரியும் மெழுகுவத்திக்கு நேரே அடித்தால் நுரை தீயாகி முகத்துக்கு வரும். ஹைட்ரஜன் அடைத்த பலூனும் அப்படியே. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு தலைவரின் பிறந்தநாளைக் கொண்டாட வைத்திருந்த வாயு பலூன் கொத்து தீப்பொறி பட்டு வெடித்து, சுற்றி நின்றவர்கள் தீக்காயமடைந்தார்கள். காற்றடித்த பலூன் போதும். ஸ்ப்ரே வேண்டாம். கேக்கை முகத்தில் அப்புவதும், பிறந்தநாள் அடி என்று முதுகில் குத்துவதும் இல்லை என்று உங்கள் பிள்ளையே நண்பர்களிடம் முன்கூட்டிச் சொல்லட்டும். அடுக்கு கேக்குக்குள் குச்சி இருக்கும், கண்ணில் குத்தும்.

மற்ற நேரமெல்லாம் நீங்கள் இரண்டு மேசை தள்ளி உட்காருங்கள். பார்வை இருக்கட்டும், காது வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

வீடு திரும்புவது

பிள்ளைகள் பைக்கில் வருகிறோம் என்றால் பார்ட்டியையே நிறுத்துங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலைகள் இவை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ₹25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டத்தைவிட எனக்கு அந்த லாரிகளைப் பற்றித்தான் பயம்.

வேனோ ரயிலோ, புறப்படும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுங்கள். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லோடு வந்து நிற்கிறார் என்றால், அவர் கையில் பிள்ளையை ஒப்படைத்த பிறகே ரயிலில் மேற்கொண்டு போங்கள். அதற்காக அந்த நிறுத்தத்தில் உங்களில் ஒருவர் இறங்க வேண்டியிருக்கும். பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். எல்லா வீட்டிலிருந்தும் "வந்துட்டா" என்று செய்தி வந்த பிறகே உங்கள் வேலை முடிகிறது.

போட்டோக்களை அன்று இரவே ஸ்டேட்டஸில் ஏற்ற வேண்டாம். யார் படத்தைப் போடலாம், யார் வீட்டில் விரும்பமாட்டார்கள் என்று பிள்ளை மறுநாள் கேட்டுவிட்டுப் போடட்டும். சிலருக்குப் படத்தை அனுப்பினால் போதும், பொதுவில் வேண்டாம்.

இன்னொன்றைப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். சில மாதம் கழித்து, லைம் சோடா மட்டும் கேட்கும் சுபாவமுள்ள அந்தப் பிள்ளைக்கும் பிறந்தநாள் வரும். ஒற்றை அறை வீட்டில், அம்மா கிண்டிய கேசரியோடு, உங்கள் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். டியூஷன் இருக்கிறது, தூரம் என்று சாக்குச் சொல்லாமல் அனுப்பி வையுங்கள்.